குளிர்ப் பயணத்துக்கு ஜாக்கெட்: காசு வீணாகும் இடங்கள்

இன்னும் விடியவில்லை. மலையடிவாரத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். உடம்பில் இருந்தது பார்த்துப் பார்த்து வாங்கிய ஜாக்கெட்; கையில் எடுத்தால் கம்பளிப் போர்வை மாதிரி கனக்கும். காற்று இல்லாதவரை சரியாகத்தான் இருந்தது. வாடை கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பல் கிட்டத் தொடங்கிவிட்டது. ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். மெத்தை மெத்தையாக இருந்த இடங்களில் வெதுவெதுப்பு. அவற்றுக்கு நடுவே தையல் ஓடிய கோடுகள் எல்லாம் சில்லென்று இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தையல் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். ஊசி போன துளைகள் வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு மெல்லிய மழைக்கோட்டை எடுத்து, "இதை மேலே போட்டுக்கோங்க" என்றார். தாள் போல இருந்தது. போட்ட ஐந்து நிமிடத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

அந்த மழைக்கோட்டில் சூடு என்று எதுவும் இல்லை. என் ஜாக்கெட்டிலும் இல்லை. சூட்டைத் தருவது நம் உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. விறுவிறுவென்று நடந்தால் அது மூன்று மடங்காகும். அந்த வெப்பம் பறிபோகாதபடி உடம்பைச் சுற்றி அசையாத காற்றைப் பிடித்து வைப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை. அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. தண்ணீர் அதைப்போல் சுமார் 25 மடங்கு கடத்தும். ஆகவே உள்ளே இருக்கும் காற்று அசையாமல் நிற்க வேண்டும், வெளிக்காற்று புகக்கூடாது, ஈரம் சேரக்கூடாது. கையைக் கடிக்காத விலையில் ஜாக்கெட் தேடுகிறவர்கள் இந்த மூன்றுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். நான் பார்த்தவரை பலருடைய காசு வேறு எதற்கோ போய்விடுகிறது.

முதலில் கனம். கனமான ஜாக்கெட் என்றால் கதகதப்பாக இருக்கும் என்று நம்பி வாங்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. பிடித்து வைக்க வேண்டியது காற்றை. காற்றுக்கு எடை ஏது? அரை கிலோகூட இல்லாத நல்ல ஜாக்கெட் ஒன்று இரண்டு கிலோ தோல் ஜாக்கெட்டைவிடப் பல மடங்கு குளிர் தாங்கும். தோல் காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே காற்றைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை. 1922 எவரெஸ்ட் பயணத்தில் மற்றவர்கள் ட்வீடும் கம்பளியும் அடுக்கிக்கொண்டு ஏறியபோது, ஜார்ஜ் ஃபின்ச் என்ற மலையேற்ற வீரர் பலூன் செய்யும் துணியில் பறவைத் தூவியை அடைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே லேசான தூவி, வெளியே காற்று புகாத துணி. நூறு ஆண்டுகள் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

எந்தக் குளிர்?

கடைக்குப் போகும் முன் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. "அங்கே ரொம்பக் குளிருமாம்" என்பதோடு பலர் கிளம்பிவிடுகிறார்கள். குளிரிலும் வகை உண்டு. மைனஸ் 15 டிகிரியில் பனி பொடிப்பொடியாக விழும். தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும், துணி நனையாது. பூஜ்யத்துக்கு மேலே 2, 3 டிகிரியில் சாரல் மழையும் நசநசவென்று ஈரப்பனியும் சேர்ந்து வரும் குளிர் அப்படி இல்லை. வெப்பமானியில் பார்த்தால் முன்னதைவிட இது லேசான குளிர்தான். ஆனால் ஜாக்கெட் ஊறிப்போனால் அதற்குள் காற்று நிற்காது, தண்ணீர்தான் நிற்கும். அப்போது உடம்பு படும் பாடு அதிகம். காய்ந்த குளிருக்கு வாங்கிய தூவி ஜாக்கெட்டை ஈரக்குளிருக்கு எடுத்துப் போய் அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். பூஜ்யம் டிகிரியிலும் அதே காற்று மைனஸ் 6, 7 போல உறைக்கும். "உணரும் வெப்பநிலை" என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். மலை என்றால் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே ஊரில் 8 டிகிரி என்று பார்த்துவிட்டுப் போய், 2,000 மீட்டர் மேலே மைனஸ் 5 டிகிரியில் நிற்கும் நிலை வரலாம்.

அப்புறம், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள்? நாள் முழுக்க நடக்கப் போகிறவருக்கும், வண்டியில் போய் இறங்கி நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவருக்கும் ஒரே ஜாக்கெட் பொருந்தாது. நடப்பவரின் உடம்பு தானே சூடாகிவிடும். கனத்த ஜாக்கெட்டில் அவருக்கு வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வையே உடம்பைக் குளிர வைக்கும். நின்று பார்ப்பவருக்குத்தான் தடிமன் தேவை. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். நமக்குப் போதுமென்று தோன்றும் ஜாக்கெட், மெதுவாக நடந்து அடிக்கடி உட்காரும் அவர்களுக்குப் போதாது.

பஃபர் எல்லாம் டவுன் இல்லை

கட்டம் கட்டமாகவோ வரி வரியாகவோ உப்பலாகத் தைத்த ஜாக்கெட்டைப் பஃபர் என்கிறார்கள். அது தைத்த விதத்துக்கான பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. வாத்து இனப் பறவைகளின் மார்பில், இறகுகளுக்கு அடியில் வளரும் மெல்லிய தூவி இருந்தால்தான் அது டவுன். பாலியஸ்டர் இழை இருந்தால் சிந்தெடிக். "டவுன் போன்ற", "டவுனுக்கு மாற்று" என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பாலியஸ்டர்தான். அதில் தவறு ஒன்றுமில்லை, டவுன் விலை கொடுக்காதவரை. உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். நிரப்பியது என்ன, எத்தனை சதவீதம் என்று அங்கே இருக்கும். தூவி 90, இறகு 10 என்பது நல்ல கலவை. 80-க்கு 20-ம் போதும். இறகு பாதிக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். இறகுக்கு நடுவே தண்டு உண்டு. தூவி அளவுக்கு அது உப்பாது, துணியைக் குத்திக்கொண்டு வெளியேயும் வரும். ஜாக்கெட்டின் ஒரு கட்டத்தை இரண்டு விரலால் கிள்ளி உருட்டிப் பாருங்கள். தண்டு இருந்தால் நெருடும். பிறகு உள்ளங்கையில் வைத்து இறுக்கி விட்டுவிடுங்கள். நல்ல தூவி உடனே உப்பி எழும்.

டவுன் ஜாக்கெட்டில் 600, 700, 800 என்று ஒரு எண் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதுதான் ஃபில் பவர்: ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்ற கணக்கு. இந்த எண் தூவியின் தரத்தைச் சொல்லும். ஜாக்கெட்டின் கதகதப்பை இது மட்டும் சொல்லாது. உள்ளே எத்தனை கிராம் தூவி போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 800 ஃபில் பவரில் 60 கிராம் உள்ள ஜாக்கெட்டைவிட, 600 ஃபில் பவரில் 150 கிராம் உள்ளது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பும். அதிக எண்ணுக்கு ஏறும் விலை, எடையைக் குறைப்பதற்கான விலை. முதுகில் எல்லாவற்றையும் சுமந்து பல நாள் மலையேறுகிறவருக்கு அது அவசியம். பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற பயணிக்குக் கூடுதலாக 200 கிராம் ஒரு பாரமே இல்லை. சிக்கனமாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபில் பவர் 550-லிருந்து 650-க்குள் இருக்கட்டும், கிராம் அதிகமாக இருக்கட்டும்.

சிந்தெடிக் பற்றிப் பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. எனக்குக் கிடையாது. பாலியஸ்டர் இழை நனைந்தாலும் முழுதாகப் படுத்துவிடாது, சீக்கிரம் காயும், வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் குறைவு. அதே கதகதப்புக்குக் கொஞ்சம் எடை கூடும்; அடிக்கடி அமுக்கி அமுக்கி வைத்தால் சில வருடங்களில் உப்பல் குறையும். மழையும் ஈரமும் கலந்த குளிருக்குப் போகிறவர், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் போகிறவர், குழந்தைகளுக்கு வாங்குகிறவர் என்று எல்லோருக்கும் என் முதல் தேர்வு இதுதான். இதில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். 60 கிராம் லேசான குளிருக்கு, 100 கிராம் நடந்துகொண்டே இருப்பவருக்கு, 200 கிராம் நின்று நடுங்கும் குளிருக்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

"மைனஸ் 20 வரை தாங்கும்" என்ற வாசகத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். தூங்கும் பைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு பொதுச் சோதனை இருக்கிறது. சூடேற்றிய பொம்மையை உள்ளே கிடத்தி அளந்து வெப்பநிலை எண்ணைச் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஜாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பின்னால் அப்படி எல்லோரும் பின்பற்றும் சோதனை ஒன்று இருப்பதில்லை. யாருக்கு மைனஸ் 20? நடப்பவருக்கா, நிற்பவருக்கா? உள்ளே ஸ்வெட்டர் போட்டிருக்கிறாரா? பதில் அந்தச் சீட்டில் இருக்காது.

தண்ணீர் புகாது என்றால்

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றால் தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும். "வாட்டர்ப்ரூஃப்" என்றால் தண்ணீர் புகாது என்று பொருள். ஆனால் எவ்வளவுக்கு என்று கேட்க வேண்டும். 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் தரும் அழுத்தம் வரை அது ஒழுகாது. பயணத்துக்கு அது தாராளம். 20,000 தேடிப் போக வேண்டாம். முக்கியமானது தையல். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் வரும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தையல் மேல் விரல் அகல நாடா ஒட்டியிருக்க வேண்டும். நாடா இல்லை என்றால் அதை மழை ஜாக்கெட் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முழுக்கத் தண்ணீர் புகாத துணி வியர்வை ஆவியையும் கொஞ்சம் தடுக்கும். அதனால் அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். ஏற்றத்தில் நடக்கும்போது அதைத் திறந்துவிட்டால் வரும் ஆசுவாசம் விலை உயர்ந்த துணிகளிலும் கிடைக்காது. காய்ந்த குளிருக்கு மட்டும் போகிறவருக்கு இந்தச் செலவெல்லாம் தேவையில்லை. காற்று புகாத துணி போதும். கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் புறங்கைக்குக் காற்று தெரிந்தால் வாடையும் அப்படித்தான் உள்ளே வரும். நான் முதல் ஜாக்கெட் வாங்கிய அன்று இதைச் செய்திருந்தால் அந்த விடியற்காலை நடுங்கியிருக்க மாட்டேன்.

போட்டுப் பார்க்கும் விதம்

கடையில் மெல்லிய சட்டை மேல் ஜாக்கெட்டைப் போட்டு, கண்ணாடியில் கச்சிதமாகத் தெரிந்ததும் வாங்கிவிடுகிறோம். பயணத்தில் உள்ளே தெர்மலும் ஸ்வெட்டரும் சேரும்போது அது இறுகும். இறுகினால் உள்ளே இருக்கும் பஞ்சோ தூவியோ நசுங்கும். நசுங்கினால் காற்றுக்கு இடமில்லை, குளிரும். அதனால் பயணத்தில் போடப்போகும் ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்பு தெரியக்கூடாது. முன்னால் கையை நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகு இழுக்கக்கூடாது, மணிக்கட்டு வெளியே வரக்கூடாது. குனியுங்கள், உட்காருங்கள். தாடையில் ஜிப் உரசுகிறதா பாருங்கள். பத்து நாள் பயணத்தில் அந்த உரசல் புண்ணாகிவிடும். இறுக்கத்துக்குப் பயந்து இரண்டு அளவு பெரிதாக எடுப்பதும் தவறுதான். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் கீழ்ப்பக்கம் வழியாகச் சூடான காற்று வெளியேறி, சில்காற்று உள்ளே வரும்.

இந்த இடத்தில் சின்னச் சின்ன பாகங்களையும் பார்த்துவிடுங்கள். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை இருக்க வேண்டும். வெறும் ஜிப் என்றால் நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழ்வரை குளிர் இறங்கும். இடுப்பில் இழுத்துக் கட்டும் கயிறு, இறுக்கிக்கொள்ளும் மணிக்கட்டு, தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும் ஹூட் (தலைமூடி) எல்லாம் இருக்கிறதா பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஜிப்பை இழுக்க முடிகிறதா என்று ஒரு தடவை செய்தே பாருங்கள். குளிரில் விரல் மரத்த நேரத்தில் சின்ன ஜிப் நுனியைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டால்தான் தெரியும். உள்பக்கம் ஒரு பை இருந்தால் கைபேசியை அங்கே வைக்கலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

எல்லாக் காசையும் ஜாக்கெட்டில் கொட்டுவது

விலையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். ஒரே தடித்த ஜாக்கெட்டை வாங்கிவிட்டு, உள்ளே பருத்திப் பனியன், காலில் சாதாரண சாக்ஸ், கையில் எதுவும் இல்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. எவ்வளவு நல்ல ஜாக்கெட்டுக்குள்ளும் ஈரப் பருத்தி உடம்போடு ஒட்டியிருந்தால் குளிரும். பாலியஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ உடம்போடு ஒட்டிய ஒரு தெர்மல், அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் துணியில் தைத்த மேல்சட்டை), அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட் என மூன்று அடுக்கு போட்டால், பல இடங்களுக்கு அதுவே போதும். உள்ளே சூடேற்றிய கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கழற்றலாம், வெளியே வந்ததும் போடலாம். தடித்த ஒற்றை ஜாக்கெட்டில் அந்த வசதி இல்லை: போட்டால் வியர்க்கும், கழற்றினால் நடுங்கும்.

கைக்கு, விரல் தனித்தனியாக இல்லாத மிட்டன் வகை உறைதான் அதிகக் கதகதப்பு. உடம்பு வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள், அது சரியில்லை. பெரியவர்களின் உடல் பரப்பில் தலை சுமார் பத்தில் ஒரு பங்கு, வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் போகும். ஆனால் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் அந்த ஒரு பங்கு பெரிய ஓட்டைதான், ஆகவே குல்லாய் கட்டாயம். காதை மூடும் ஒரு குல்லாய்க்கு ஆகும் செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது உப்பலான ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். மோதலில் ஜாக்கெட் நசுங்கியதும் பெல்ட் தளர்ந்து, குழந்தை நழுவிவிடக்கூடும். முதலில் பெல்ட்டைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போர்த்துங்கள்.

பழையதை ஒதுக்காதீர்கள்

ஒரே ஒரு பயணம் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. பனி விளையாட்டு நடக்கும் இடங்களிலும் மலையேற்றம் தொடங்கும் ஊர்களிலும் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் வாங்கினால் விலை நன்றாக இறங்கும். அடுத்த வருடப் பயணம் உறுதி என்றால் அதுதான் நேரம். யாரோ போட்ட பழைய ஜாக்கெட்டிலும் அருமையானவை உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கட்டங்களில் ஒரு மூலையில் கட்டியாகவும் மற்ற இடம் வெறுமையாகவும் தெரிந்தால் வேண்டாம். மழை ஜாக்கெட் என்றால் உள்பூச்சு செதில் செதிலாக உரிகிறதா, ஒட்டிய நாடா எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். உரிந்ததைச் சரிசெய்ய வழியில்லை. அழுக்கும் மங்கிய நிறமும் பொருட்டே இல்லை. தண்ணீர் பட்டதும் முத்து முத்தாக உருளாமல் துணி நனைந்தாலும் கவலை வேண்டாம்; அது வெளிப்பூச்சு தேய்ந்ததன் அடையாளம், அதற்கென்று விற்கும் திரவத்தைப் பூசிச் சரிசெய்யலாம்.

வாங்கியதைக் கெடுப்பதும் நாம்தான். சின்னப் பைக்குள் அமுக்கி அடைப்பது பயண நாட்களுக்கு மட்டும். ஊர் திரும்பியதும் வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் தூவி பழைய உப்பலுக்கு வராது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்கக்கூடாது. டவுன் ஜாக்கெட்டைத் துவைத்து எடுக்கும்போது தூவி எல்லாம் மூலையில் ஈரக் கட்டியாகச் சுருண்டிருக்கும். பார்த்ததும் போச்சு என்று தோன்றும். போகவில்லை. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுங்கள். பந்து அடித்து அடித்துக் கட்டியை உடைக்கும். நடுநடுவே எடுத்துக் கையாலும் உதிர்த்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வெளித்துணி காய்ந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கிள்ளிப் பாருங்கள்; எங்காவது சின்னக் கட்டி தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு சுற்று ஓடட்டும்.